கை எட்டுகிற தூரம்

உடுவில்
09.06.2025

ஸபூராவுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் மத்தியானம், உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஹன்னாவுக்கு முன்னால், என்னை நீ எட்டவே வைத்திருப்பதாகச் சொன்னாய். தமிழில் சொல்லவில்லை, இங்கிலீஷில் சொன்னாய். "ஐ ஓல்வேய்ஸ் கீப் மலர் அக்கா அற் ஆம்ஸ் லெங்த்." எனக்குக் காது இன்னும் நல்லது. கிட்ட நெருங்கவிடாமல் கையை நீட்டித் தள்ளி நிறுத்தியிருக்கிறேன் என்பதுதான் அதன் பொருள். வீட்டுக்கு வந்ததும் அகராதியை விரித்துப் பார்த்தேன். இதை எழுதும்முன் திரும்பவும் பார்த்தேன். பொருள் மாறவில்லை.

ஹன்னா சிரித்தாள். நீயும் சேர்ந்து சிரித்தாய். நான் எழும்பி வந்துவிட்டேன். "அக்கா, ஏன் எழும்பிறியள், வட்டிலப்பம் இனித்தானே வருது" என்று பின்னால் கேட்டாய். ஒரு துண்டு இனிப்புக்காக அங்கே இருக்கிற ஆள் நான் இல்லை.

சொன்ன சொல் கிடக்க, வேறு இரண்டையும் கண்டேன். உனக்குப் பக்கத்தில் இருக்கிற என் கதிரையில் ஹன்னா இருந்தாள். ஒவ்வொரு பெருநாளும் எனக்கென்று எடுத்துவைக்கிற நீல மூடிப் பாத்திரம், அவளுடைய பைக்குப் பக்கத்தில் இருந்தது. வாசலில் செருப்புப் போடும்போது பார்த்தேன்.

ஹன்னா என் சித்தியின் மகள். லண்டனில் இருந்து வந்தவளுக்குச் சட்டை தைக்க ஆள் தேவை என்று கேட்டபோது, அவளை உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவள் நான். அவள் விடுதியில் இருந்து படித்தாள். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டேன். அவளுக்கு இங்கிலீஷ் கட்டணம் கட்டிக் கிடைத்தது. எனக்கு ஒரு பழைய அகராதியும் மண்ணெண்ணெய் விளக்கும்தான். அப்படிப் படித்ததை உனக்கும் படிப்பித்தேன். நீ புத்தளத்து முகாமில் இருந்த காலத்தில் என் கடிதம் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு இங்கிலீஷ் வழக்குச் சொல் இருந்தது. எதை எதை எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். இந்தச் சொல்லை நான் உனக்கு எழுதவே இல்லை. அப்படியானால் சொல்லித் தந்தவள் யார் என்று கேட்கத் தேவையில்லை.

தொலைபேசி எடுக்காதே. எடுத்தாலும் தூக்கமாட்டேன். புத்தளத்தில் இருந்து எழுதத் தெரிந்தவளுக்குச் சோனகத் தெருவில் இருந்து எழுதத் தெரியாமல் போகாது.

புதன்கிழமைகளில் இனி வரவேண்டாம்.

நேசமலர்


சோனகத் தெரு
யாழ்ப்பாணம்
14.06.2025

அன்புள்ள மலர் அக்காவுக்கு,

ஒரு பஸ் தூரத்தில் இருந்து உங்கள் கடிதம் வர இவ்வளவு நாள் எடுத்திருக்கிறது. நீங்களே நடந்து வந்து ஏசிவிட்டுப் போயிருக்கலாம். தேத்தண்ணியாவது ஊற்றித் தந்திருப்பேன்.

அல்லாஹ் அறிய, நீங்கள் எழுதியிருக்கிற பொருளில் நான் அதைச் சொல்லவில்லை. நான் சொன்னது நல்ல சொல்.

கை எட்டுகிற தூரத்தில் வைத்திருக்கிறேன் என்றால் கிட்ட வைத்திருக்கிறேன் என்பதுதானே? தையல் மெசினில் இருக்கிற எவளையும் கேட்டுப் பாருங்கள். கத்தரிக்கோல், சோக்கட்டி, அளவு நாடா, எது இல்லாமல் எனக்குக் கை ஓடாதோ அதைத்தான் கை எட்டுகிற தூரத்தில் வைப்பேன். வேண்டாத துணியை அலுமாரிக்கு மேலே எறிந்துவிடுவேன். அன்றைக்கு ஹன்னா அக்கா என்னிடம், "நீங்கள் ரெண்டுபேரும் எந்தநாளும் இப்பிடி ஒண்டாத்தானோ?" என்று இங்கிலீஷில் கேட்டா. நானும் இங்கிலீஷில் பதில் சொன்னேன். தமிழில் மனதில் இருந்ததை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், ஸபூரா நல்லாச் சொன்னாள் என்று மெச்சுவீர்கள் என்று நினைத்தேன். அதற்குத்தான் சிரித்தேன்.

வெள்ளைக்காரருக்குக் கை எட்டுகிற தூரம் தூரமென்றால், அவர்களுடைய கை என்ன அவ்வளவு நீளமா?

கதிரை விஷயம். ஹன்னா அக்காவுக்கு முழங்கால் மடங்காது. உயரமான கதிரை அது ஒன்றுதான். பாத்திர விஷயம். நீங்கள் சாப்பிடாமல் எழும்பிப் போனபிறகு, வட்டிலப்பத்தை உங்களிடம் கொடுக்கச் சொல்லித்தான் அவவிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் வாசலில் கண்டது வெறும் பாத்திரம், கழுவிக் காயவைத்தது. அவவின் பை பக்கத்தில் கிடந்ததற்கு நான் என்ன செய்ய? வட்டிலப்பம் வந்ததா இல்லையா? அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையே.

புதன்கிழமை வரவேண்டாம் என்கிறீர்கள். அந்த நாளில் நான் எங்கே போவது?

உங்கள்
ஸபூரா


உடுவில்
19.06.2025

ஸபூராவுக்கு,

வட்டிலப்பம் வந்தது. நான் கேற்றைத் திறக்கவில்லை. ஹன்னா வெயிலில் நின்று, "அக்கா, இது பழுதாகப் போகுது" என்றாள். "பழுதாகட்டும்" என்றேன். கொண்டுபோய் அவளே சாப்பிட்டிருப்பாள்.

உன் விளக்கத்தைப் படித்தேன். தையல்காரியின் விளக்கம். தமிழுக்குச் சரி, இங்கிலீஷுக்குச் சரி இல்லை. நாங்கள் கையை நீட்டுவது ஒன்றை எடுப்பதற்கு. அவர்கள் நீட்டுவது ஒன்றைத் தள்ளுவதற்கு. அகராதியில் இப்படி இருக்காது, இது நான் கண்டுகொண்டது. இந்தச் சொல்லுக்கு ஒரு குடும்பமே இருக்கிறது. பிடிக்காத ஒருவரை நீளத் தடியாலும் தொடமாட்டேன் என்று ஒரு சொல். தொண்டைமானாற்றில் வள்ளம் தள்ளுகிற தடி இருக்கிறதே, அதைப் போன்ற தடி. கரைச்சல் பிடித்த ஆளைக் கண்டால், பெரிய கப்பலுக்கு இடம் விட்டு ஒதுங்குவதுபோல ஒதுங்கிப் போவதற்கு ஒரு சொல். முகம் கொடுத்துக் கதைக்காவிட்டால் குளிர்ந்த தோளைக் காட்டியதாகச் சொல்வார்கள். எல்லாம் அகராதியின் பின்பக்க வெறுந்தாள் ஒன்றில் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு சொல்லைக்கூட நான் உனக்கு அனுப்பியதில்லை.

ஆகவே, தானாக வாயில் வந்தது என்று நீ சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர்கள் சொல்கிற அதே மூன்று சொற்கள், அதே ஒழுங்கில், உன் வாயில் எப்படித் தானாக வரும்? ஹன்னா இப்போது வியாழக்கிழமைகளில் உன் வீட்டில் இருப்பதாக அறிந்தேன். மத்தியானம் வந்து பொழுதுபட்ட பிறகுதான் போகிறாளாம். சட்டை தைக்கவாம். ஒரு மனிசிக்கு எத்தனை சட்டை?

அவளோடு இங்கிலீஷில் கதைத்தால் உனக்குக் கூச்சம் வருவதில்லையாம். இதையும் கேள்விப்பட்டேன். என்னோடு கதைக்கும்போது உனக்கு எப்போது கூச்சம் வந்தது? நான் பிழை திருத்துவேன். அவள் திருத்துவதில்லை. தலையை ஆட்டிச் சிரிக்கிறாள். அது உனக்கு இனிப்பாக இருக்கிறது.

நேற்றுப் புதன். மருதனார்மடச் சந்திக்குப் போனேன். கத்தரிக்காய் வாங்கத்தான் போனேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேசமலர்


சோனகத் தெரு
யாழ்ப்பாணம்
25.06.2025

மலர் அக்காவுக்கு,

கத்தரிக்காய் வாங்கினவ ஏன் பஸ் நிற்கிற இடத்தில் நின்றா? போன புதன் நானும் அந்தப் பஸ்ஸில்தான் இருந்தேன். வரவேண்டாம் என்று எழுதியிருந்தும் வந்தேன். யன்னலால் உங்களைக் கண்டேன். நீங்களும் கண்டீர்கள். கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினீர்கள். கொண்டக்டர், "அம்மா, மருதனார்மடம். இறங்கேல்லையோ?" என்றான். "இல்லைத் தம்பி, சுன்னாகம்" என்றேன். சுன்னாகத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்? இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். இன்றைக்கு வெளிக்கிடவே இல்லை.

உங்கள் கடிதத்தை ஹன்னா அக்காவுக்குக் காட்டவில்லை. ஆனால் ஆட்களை எட்ட வைக்கிற இங்கிலீஷ் சொற்கள் எவை எவை என்று கேட்டேன். அவ ஒரு மணிமாலை மாதிரிச் சொல்லிக்கொண்டு போனா. தடி, கப்பல், குளிர்ந்த தோள். குளிர்ந்த தோளைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வெயிலில் யாருக்கு அக்கா தோள் குளிரும்? பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இவ்வளவு சொற்கள் இருந்திருக்கின்றன. எனக்கு இத்தனை வருசம் இங்கிலீஷ் படிப்பித்த நீங்கள், இவற்றில் ஒன்றையும் சொல்லித் தரவில்லை. அந்தப் பக்கத்தை ஏன் என்னிடம் இருந்து ஒளித்தீர்கள்? சொல்லித் தந்திருந்தால் நான் இந்தப் பிழையை விட்டிருப்பேனா? மேசையில் வேறு சொல் எடுத்திருப்பேன். நீங்களும் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பீர்கள்.

எட்டப் போ என்ற சொல் எனக்குத் தெரியாத சொல் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சோனகர் எல்லாரையும் இயக்கம் வெளியேற்றியபோது எங்களுக்கு அதைத் தமிழில்தான் சொன்னார்கள். நன்றாக விளங்கியது. உடுத்த உடுப்போடு போனோம். அதைவிடத் தூரமான சொல் இங்கிலீஷில் இருக்காது.

இப்போது சப்ரான் விஷயம். பெருநாள் முடிந்ததில் இருந்து என் மகன் ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறான். "உம்மா, அங்க ஒங்களுக்கு யாரு இருக்கா? அந்த மலர் மாமி ஒராள்தான். அவங்களும் இப்ப பேசுறல்ல. பொறகென்ன, இங்க வாங்க." அவன் புத்தளத்தில் வளர்ந்தவன். அவனுக்கு ஊர் அதுதான். வருகிற ஆறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை வான் பிடித்துக்கொண்டு வருகிறான். மெசின், அலுமாரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகலாமாம். அவனுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ஓம் என்றுவிட்டேன்.

புத்தளத்தில் எனக்கு வீடு இருந்தது. மழைக்கு ஒழுகாத வீடு. இங்கே கூரை போட்டு, கிணறு இறைத்து, நான் திரும்பி வந்தது இந்தச் சுவர்களுக்காக இல்லை. நீங்கள் கை எட்டுகிற தூரத்தில் இருக்கவேண்டும் என்று வந்தேன். மேசையில் சொன்னது அதைத்தான். இங்கிலீஷில் பிழைத்துவிட்டது. அவ்வளவுதான்.

ஸபூரா


உடுவில்
29.06.2025

ஸபூராவுக்கு,

அந்தப் பக்கத்தை ஏன் ஒளித்தேன் என்று கேட்டாய். ஒளிக்கவில்லை. எழுதாமல் விட்டேன். இரண்டும் வேறு.

நீ முகாமில் இருந்து எழுதிய கடிதம் வந்தது. உதவி கொடுக்க வருகிற வெள்ளைக்காரரோடு கதைக்க வேண்டும், இன்னும் சொற்கள் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். ஒழுங்காகப் படிப்பிப்பதானால் அடுத்தது அந்தப் பக்கம்தான். பேனாவை எடுத்தேன். ஓலைக் கொட்டிலில் பிள்ளையோடு இருக்கிற ஒருத்திக்கு, எட்ட நில் என்பதை இங்கிலீஷில் இத்தனை விதமாகச் சொல்லலாம் என்று எழுதவா? அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு, மழை கொட்டுவதற்கு அவர்கள் சொல்வதை எழுதினேன். நாயும் பூனையும் வானத்தில் இருந்து விழுகிற அந்தச் சொல். படித்துவிட்டு முகாமில் எல்லாரும் சிரித்ததாக எழுதினாய். அடுத்தமுறையும் அந்தப் பக்கத்தைத் தள்ளினேன். பிறகு அது தள்ளின பக்கமாகவே கிடந்துவிட்டது. நான் செய்தது சரி. இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

ஆனால் அந்தப் பக்கத்தை நீ ஹன்னாவிடம் கேட்டுப் படித்தது எனக்குப் பிடிக்கவில்லை. படிக்கத்தான் வேண்டும் என்றால் என்னிடம் படித்திருக்க வேண்டும். மணிமாலை மாதிரிச் சொன்னாளாம். அவளுக்கு அவை வெறும் சொற்கள். எடுத்துக் கோத்துக்கொண்டு போவாள்.

அவளைக் கேற்றடிக்குக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"நீதானே அந்தச் சொல்லைச் சொல்லிக் குடுத்தனி?"

"இல்லை அக்கா. அவ தானாத்தான் சொன்னவ."

"அப்ப ஏன் சிரிச்சனி?"

"பிழையெண்டாலும் வடிவான பிழை. உங்களைக் கிட்ட வைச்சிருக்கிறன் எண்டுதான் சொல்ல வந்தவ எண்டு எனக்கு விளங்கினது."

"விளங்கினால் திருத்த வேண்டியதுதானே?"

"திருத்தினால் அவ வெக்கப்படுவா. உங்களுக்கு விளங்கும்தானே எண்டு விட்டன். எங்கடை குடும்பத்திலை இங்கிலீசிலை கெட்டிக்காரி நீங்கள் எல்லோ."

கடைசி வசனத்தை உண்மையாகச் சொன்னாளா, கேற் திறப்பதற்காகச் சொன்னாளா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை என்பதையும் அதற்குள் வைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். அவள் எப்போதும் அப்படித்தான். கேற்றைத் திறந்தேன். முழங்கால் மடங்காதவளை எவ்வளவு நேரம் நிற்பாட்டுவது?

சந்தியில் முகத்தைத் திருப்பியது வெயிலுக்கு.

புத்தளத்துக்குப் போவது உன் விருப்பம். மகன் கூப்பிடுகிறான், போகிறாய். தடுக்க நான் யார்? ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த மெசின் பழையது. வானில் ஏற்றி அவ்வளவு தூரம் கொண்டுபோனால் அதன் கால் ஆடும். கால் ஆடினால் தையல் கோணும். யோசித்துச் செய்.

நேசமலர்


சோனகத் தெரு
யாழ்ப்பாணம்
02.07.2025

மலர் அக்காவுக்கு,

மழைச் சொல் எனக்கு மறக்கவில்லை. அன்றைக்குக் கொட்டில் ஒழுகியது. சப்ரான் சின்னப் பிள்ளை. ஒழுகிற இடத்தில் நான் பானையை வைக்க, "உம்மா, நாய் விழுகுதா பூனை விழுகுதா?" என்று கேட்டுக்கொண்டே நித்திரையானான். நீங்கள் எந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு அதை எழுதினீர்கள் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஆனால் அக்கா, மெசினின் கால் ஆடும் என்று எழுதியிருக்கிறீர்கள். போகாதே என்று எழுதவில்லை.

சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது. வெளியில் கிடப்பது கத்தரிக்கோலும் அளவு நாடாவும்தான். போன முறை நாங்கள் வெளிக்கிட்டபோது, போகாதே என்று சொல்ல ஒருவருக்கும் வாய் இருக்கவில்லை. சொல்ல விடவும் மாட்டார்கள். இந்த முறை யாரும் உங்கள் வாயைப் பொத்தவில்லை.

சப்ரானுக்கு நான் ஒரு பதில் சொல்லவேண்டும். அந்தப் பதில் உங்களிடம் இருக்கிறது. இங்கிலீஷில் வேண்டாம்.

ஸபூரா


உடுவில்
05.07.2025

ஸபூரா,

உன் கடிதம் நேற்றுப் பின்னேரம்தான் கையில் கிடைத்தது. இதைத் தபாலில் போட்டால் நீ புத்தளம் போய்ச் சேர்ந்த பிறகுதான் சோனகத் தெருவுக்கு வந்து சேரும். ஆகவே ஹன்னாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வேறு ஆள் இல்லாதபடியால். உறையை ஒட்டவில்லை. படித்தால் படிக்கட்டும். அவளுக்கும் இதில் வேலை இருக்கிறது.

நீ கேட்ட அந்த ஒரு சொல்லை நான் எழுதப் போவதில்லை. கேட்டு வாங்கி எழுதுகிற சொல்லுக்கு மதிப்பு இல்லை. என்ன செய்யவேண்டும், யார் செய்யவேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

சப்ரான் நாளைக்கு வந்ததும் வானை ஓரமாக விட்டுவிட்டு, கட்டியதை எல்லாம் அவிழ்த்து இருந்த இடத்தில் வைக்கவேண்டும். மெசினை முதலில். யன்னலடியில், வெளிச்சம் இடப்பக்கம் விழுகிறபடி. பிறகு சாப்பிட்டுவிட்டு வெறும் வானோடு போகலாம். அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று திரும்பவும் கேட்டானென்றால் அவன் இந்தக் கடிதத்தைப் படிக்கவேண்டும். சத்தமாக. அவனுக்குத் தமிழும் நான்தான் பாதி படிப்பித்தேன், நீ என் கடிதங்களை வாசித்துக் காட்டித்தான் அவன் எழுத்துக் கூட்டினான்.

ஹன்னா நீல மூடிப் பாத்திரத்தைக் கழுவி உன்னிடம் தரவேண்டும். மூடியோடு. வியாழக்கிழமை உன் வீட்டுக்கு வருவதை நிறுத்தத் தேவையில்லை, பின்னேரத் தேத்தண்ணியோடு எழும்பவேண்டும். இந்த வருசத்துக்கு இனிச் சட்டை வேண்டாம். உன் இங்கிலீஷில் பிழை கண்டால் வடிவாக இருக்கிறது என்று சிரிக்கக்கூடாது. எனக்குச் சொல்லவேண்டும், திருத்துவது நான்.

நீ பெருநாள் மேசையில் சொன்ன சொல்லை இனி இங்கிலீஷில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது. தமிழில் சொல்லலாம். எனக்குச் சொன்னால் போதும். வருகிற பெருநாளுக்கு ஹன்னாவின் முழங்காலுக்கு இன்னொரு உயரக் கதிரை வாங்கவேண்டும், என்னுடையதை எனக்கு விடவேண்டும். புதன்கிழமை வழமையான பஸ்ஸில் ஏறவேண்டும். சுன்னாகம் போகக்கூடாது.

நான் சந்தியில் நிற்கவேண்டும். பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு. வெயில் என்றால் குடை பிடிக்கவேண்டும்.

இங்கே என் மேசையில் கதிரைகளை மாற்றிப் போட்டுவிட்டேன். ஹன்னாவும் வருவதானால் அவளுக்கு யன்னல் பக்கம். என் கதிரையில் இருந்து கையை மடக்காமல் நீட்டினால் உன் தோளில் படவேண்டும். இருந்து நீட்டிப் பார்த்தேன். உன் கதிரை இப்போது கிடக்கிற இடம் கொஞ்சம் எட்ட. எனக்கு அந்தக் கதிரை பாரம். புதன்கிழமை வந்து, நீயே கிட்ட இழுத்துப் போடு.

மலர்